மணி அடங்கும் முன்னே

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். எழுத்தில் அவர் குறுக்கே புகுந்து "அம்புட்டுதானே?" என்று கேட்க முடியாது. அவரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை நாளில் ஒரு பேச்சை அவர் முன்னால் தொடங்கி நானே முடித்ததாக ஞாபகம் இல்லை. நான் மட்டும் இல்லை, அந்த ஆபீசில் யாருமே முடித்ததில்லை. நாம் பாதியில் இருக்கும்போதே மீதி இன்னதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது தப்பாக இருந்தாலும், அதற்குள் வேலை நடந்து முடிந்திருக்கும்.

பேரைச் சொல்லப்போவதில்லை. இன்றைக்குப் பெரிய கம்பெனிக்காரராகிவிட்டார். அப்போது மதுரை அண்ணா நகரில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு, வியாபாரிகளுக்கு ஆன்லைன் கடை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் அண்ணே என்போம். பையன்கள் அத்தனை பேரும் அவருக்கு மாப்ள, நான் தங்கச்சி. ஒல்லியான ஆள், கன்னத்தில் பொட்டுச் சதை கிடையாது. சதை பிடிக்கக்கூட இந்த மனுஷன் நேரம் கொடுக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

அவரோடு கல்யாண வீட்டுக்குப் போவது ஒரு தண்டனை. பந்தியில் இடம் இல்லையென்றால் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது எல்லாரும் செய்வதுதான். நாமெல்லாம் வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி நிற்போம். அவர் நாற்காலி முதுகில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இலையையே பார்ப்பார். ரசத்தில் இருக்கிற ஆளிடம், "மாமா, மோரு வேணாம்ல?" என்பார். ஒருமுறை திருநகரில் ஒரு பெரியவர் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து அவருடைய இலையை மூடியே விட்டார். பெரியவர் கையெல்லாம் பாயசமாக அண்ணாந்து பார்த்தார். "முடிஞ்சிருச்சு மாமா, எந்திரிங்க" என்றார் அண்ணன். பெரியவரும் எழுந்து போய்விட்டார். அங்கே எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

அவருடைய அம்மா சோழவந்தானில் இருந்தார். எழுதத் தெரியாது, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். நிதானமான பேச்சு. மாடியில் காயப்போட்ட வடகத்தில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பேத்தி பிறந்தது வரைக்கும் போய், கடைசியில் மூட்டுவலிக்கு வருவார். அண்ணன் அதை இரட்டை வேகத்தில் வைத்துக் கேட்பார். "சாப்ட்டியாப்பா" என்று அந்தம்மா கேட்பது கோழி கேறுகிற மாதிரி ஆபீஸ் முழுக்கக் கேட்கும். மூட்டுவலி வருவதற்குள் நிறுத்திவிட்டு, கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிடுவார்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம் என்று ஒரு வாரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். "அண்ணே, வீட்டுல நெலம ஒரு மாதிரியா இருக்கு, அதனால…" என்றேன். "லீவுதானே? மூணு நாள் எடுத்துக்க. அம்புட்டுதானே?" என்று அங்கேயே கம்ப்யூட்டரில் லீவைப் பதிந்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் தலையெழுத்து, வேறென்ன சொல்ல. அந்த லீவு பின்னால் இந்தக் கதைக்குள் வரும்.

இத்தனைக்கும் கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. எங்களோடு காசிமாயன் என்று ஒருவன் வேலை பார்த்தான். உசிலம்பட்டிப் பக்கம், மாடு வைத்திருக்கிற குடும்பம். நிரல் எழுதுவதில் எங்களில் அவன்தான் கெட்டிக்காரன். ஒருநாள் அவனுடைய அப்பாவுக்கு ஊரில் நெஞ்சுவலி என்று போன் வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறது என்று காசி சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் காரை எடுத்துவிட்டார். போய் அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஆள் இல்லை என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அதிலிருந்து காசிக்கு அவர் தெய்வம். அவரைப் பற்றி நான் ஏதாவது ஏசினால், தலையைக் குனிந்துகொள்வான்.

காசிக்குத் திக்குவாய். சில எழுத்துகள் தொண்டையிலேயே நின்றுவிடும், கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்து எடுத்து வருவான். நாம் சும்மா இருந்தால் வந்துவிடும். அண்ணன்தான் சும்மா இருக்க மாட்டாரே. டீக்கடையில் முதல் நாளே காசி, "எனக்கு ப… ப…" என்றான். "பஜ்ஜி. மாஸ்டர், மாப்ளைக்கு ரெண்டு பஜ்ஜி" என்றார் அண்ணன். அவன் கேட்க வந்தது பால். அதற்கப்புறம் ஆபீசில் எல்லாருக்கும் டீ என்றால் காசிக்கு மட்டும் பஜ்ஜி என்று ஆகிப்போனது. எண்ணெய்ப் பலகாரம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. இருந்தும் தின்றான். நான் மாஸ்டரிடம் சொல்லி மாற்றப் போனபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். அண்ணன் பிரியமாக வாங்கித் தருவதாம்.

வேலையிலும் அவருக்கு வேகம்தான் சாமி. புதிதாகக் கட்டிய கடையைப் போனில் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், பக்கம் முழுதாக வந்த பிறகுதான் விடுவார். திரையில் காத்திருக்கச் சொல்லி ஒரு வட்டம் சுற்றுமே, அதைக் கண்டால் சனியன் எதிரே வந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். "வட்டம் சுத்துனா கஸ்டமரு அடுத்த கடைக்குப் போயிருவான் மாப்ள. தூக்கு. எது லேட்டோ அதத் தூக்கு." படம் லேட்டென்றால் படத்தைத் தூக்கு, எழுத்து லேட்டென்றால் எழுத்தைத் தூக்கு. எங்கள் ஆபீசில் அதிகம் கேட்ட சொல் அந்தத் தூக்குதான்.

ஓப்பன் சோர்ஸில் ஒரு டெம்ப்ளேட் கண்டுபிடித்து வந்ததும் அவர்தான். யாரோ எங்கேயோ கட்டி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டிருந்த ஆயத்தக் கடை. உள்ளே வெள்ளைக்காரர்களுடைய பனியனும் காபி கோப்பையும் மாதிரிச் சரக்காக இருக்கும். அதைத் தூக்கிவிட்டு நம் சரக்கை வைக்க வேண்டியதுதான். அதற்கு ஹெட்லெஸ் கடை என்று பேர். சரக்கும் கணக்கும் ஆர்டரும் பின்னால் ஒரு இடத்தில் இருக்கும். வாங்குகிறவர் பார்க்கிற முகப்பு மட்டும் தனியாக வேறொரு இடத்தில், முன்கூட்டியே சமைத்து வைத்த பக்கங்களாகத் தயாராக நிற்கும். தொட்டால் திறந்துவிடும், வட்டமே சுற்றாது. அதைப் பார்த்த அன்றைக்கு அண்ணன் முகத்தில் இருந்த சந்தோஷம், அவருக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்கும் இல்லை. பிள்ளை பிறக்க ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்ததாம்.

அந்த டெம்ப்ளேட்டில் நாங்கள் கட்டிய முதல் கடை, அலங்காநல்லூர் மணிக்கடை அக்காவுடையது.

மாட்டுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிற கடை. கயிறு, சலங்கை, கொம்புக்குப் பூசுகிற பெயின்ட் எல்லாம் உண்டு. ஆனால் பேர் வாங்கியது கழுத்து மணிக்குத்தான். வெண்கல மணி. சுற்று வட்டாரத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் அக்காவிடம் வாங்கியது என்றால் மறுபேச்சில்லாமல் கட்டுவார்கள். வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் காளை வளர்க்கிற ஆட்கள் போனில் கேட்கிறார்கள், அவர்களுக்கு அனுப்ப ஆன்லைனில் ஒரு கடை வேண்டும் என்று வந்தார். ஹெட்லெஸ் என்றால் என்ன என்று அண்ணன் விளக்கியபோது, "தலையில்லாத கடையாப்பா? என்னங்கப்பா இது, நல்ல காரியம் பேசயில" என்றார். அண்ணன் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்.

மணிகளைப் படம் எடுக்கவும் சத்தத்தைப் பதியவும் நானும் காசியும் அவர் கடைக்குப் போனோம். மணியைப் படம் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள், சத்தம் கேட்டுத்தான் வாங்குவார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். காசிக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து ஒரு தட்டு தட்டுவார். தட்டிவிட்டு அப்படியே நிற்பார். நானும் முதலில், சத்தம் வந்துவிட்டதே என்று போனை நிறுத்தப் போனேன்.

"இருத்தா. தட்டுன சத்தத்த எவன் கேக்கப் போறான்? தகரத்தத் தட்டுனாலும் அந்தச் சத்தம்தான் வரும். தட்டி முடிச்சப்பறம் நிக்கிது பாரு, ம்ம்ம்முன்னு. அதுலதான் இருக்கு வெங்கலமா என்னான்னு. மாடு காட்டுக்குள்ள நின்னா, இவன் மாடா அவன் மாடான்னு சொல்றது அந்தச் சத்தந்தான். அது அடங்குற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

அடங்கும்வரை நின்றோம். ஒவ்வொரு மணிக்கும் நின்றோம். வெளியே டவுன் பஸ் போனால் மறுபடியும் முதலிலிருந்து. காசி நடுவில் ஏதாவது கேட்டால், அக்கா மணியைக் கேட்கிற அதே முகத்தோடு அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவன் அன்றைக்குப் பேசினது மாதிரி நான் கேட்டதே இல்லை. அவர்கள் வீட்டு மயிலைப் பசுவைப் பற்றி, அது செத்தபோது மணியைக் கழற்றி அவனுடைய அப்பா அழுததைப் பற்றி, நிறுத்தாமல் பேசினான். "ஒன்னு சொன்னாலும் மணியா சொல்ற தம்பி" என்றார் அக்கா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

கடை ரெடியாகிவிட்டது. மணிப் படத்தைத் தொட்டால் சத்தம் கேட்கும்படி காசி செய்திருந்தான். தொட்டதும் ஒரு கணம் வட்டம் சுற்றும், பிறகு மணி அடித்து முழுதாக ஒலித்து அடங்கும். அக்கா ஆபீசுக்கு வந்து கேட்டுவிட்டு, "இது போதும்ப்பா. என் மணிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் அண்ணன் புண்ணியத்தில் கிடைத்த மூன்று நாள் லீவில், என் கூடப்பிறந்த அக்கா மகனுடைய காதுகுத்துக்குக் கொட்டாம்பட்டி போய்விட்டேன்.

அங்கே நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது இங்கே நடந்ததைக் காசிதான் பின்னால் சொன்னான். அவன் சொல்ல எவ்வளவு நேரமானதோ அவ்வளவு நேரம் இருந்து கேட்டேன்.

அண்ணனுக்கு அந்த வட்டம் பொறுக்கவில்லை. தொட்ட உடனே சத்தம் வர வேண்டும் என்றால், பக்கம் திறக்கும்போதே எல்லா மணியின் சத்தத்தையும் போனுக்குள் இறக்கி வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பக்கம் கனத்துப்போகும், வேகத்துக்கு மார்க் போடுகிற சோதனையில் நூறு வராது. நூறும் வேண்டும், வட்டமும் கூடாது. அண்ணன் யோசிக்கவெல்லாம் இல்லை. எல்லாச் சத்தத்தையும் அரை நொடியோடு நறுக்கிவிட்டார். தட்டுகிற சத்தம் மட்டும் நின்றது, மீதி அத்தனையும் போயிற்று.

காசி நாற்காலியிலிருந்து எழுந்து அவரிடம் போயிருக்கிறான். "அண்ணே, இத வெ… வெ…" வெட்டக்கூடாது என்று சொல்லப் போனான்.

"வெட்டிட்டேன் மாப்ள. பாத்தியா, நூறு. அம்புட்டுதானே?" என்று தோளில் தட்டிவிட்டு, கடையை உலகத்துக்குத் திறந்துவிட்டார்.

அன்று மாலை அலங்காநல்லூருக்கே போய், கடை வாசலில் வைத்து அக்காவின் கையில் போனைக் கொடுத்துத் திறந்து காட்டியிருக்கிறார். அக்கா ஒரு மணியைத் தொட்டார். டிங் என்றது. ரோட்டில் பஸ் இரைச்சல். அக்கா போனைக் காதுக்குக் கொண்டுபோய் இன்னொன்றைத் தொடப் போவதற்குள், "எப்புடி வேகம்? வாரேங்க்கா" என்று போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லீவு முடிந்து வந்தவள் கடையைத் திறந்து பார்த்தேன். எல்லா மணியும் ஒரே மாதிரி டிங் என்றது. ஸ்பூனால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுகிற சத்தம். அண்ணனிடம் போய், "அண்ணே, மணிச் சத்தம்…" என்றேன். "நூறு தங்கச்சி. நூத்துக்கு நூறு" என்றார். நானும் காசியும் உட்கார்ந்து பழைய சத்தங்களை மறுபடி சேர்த்து, அவருடைய அனுமதிக்கு அனுப்பினோம். கடையை மாற்றி ஏற்றுகிற உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. சோதனையில் மார்க் குறைகிறது என்று பார்த்ததும் வேண்டாம் என்று அழுத்திவிட்டார். ஏன் செய்தோம் என்று நான் எழுதியிருந்ததை அவர் திறக்கவே இல்லை.

நானே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அக்கா அண்ணனைக் கூப்பிட்டார். அக்காவுக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். "தம்பி, நம்ம பாலமேட்டுப் பக்கம் ஒருத்தரு, எங்க அப்பா காலத்துலருந்து நம்மகிட்டதான் மணி வாங்குவாரு, அவரு நேத்து…" இவர் காதில் போனை இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்தபடியே, "பேஜ் ஸ்லோவா இருக்காக்கா? இல்லைல்ல? அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோதும் அதே. அதற்கு மேல் எடுக்கவே இல்லை. பேஜ் ஸ்லோ இல்லையென்றால், அவர் கணக்கில் அது நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுகிற போன். அந்தப் பாலமேட்டுப் பக்கத்துக்காரர் என்ன சொன்னார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. "வெங்கலமுன்னு சொல்லித் தகரத்த விக்கிறியா தாயி?" என்று கேட்டிருக்கிறார்.

பொங்கல் நெருங்கிவிட்டது. மாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மணிக்கடையின் வலைப்பக்கம் சுற்றியது. ஒருத்தன் தொட்டுக் கேட்டுவிட்டு இன்னொருத்தனுக்கு அனுப்புவான், கீழே ஒரு டம்ளர் படம் போட்டு. அக்காவின் கடைக்குப் போய் ஒரு மணியைத் தட்டிப் பார்த்தால் தீர்ந்தது விஷயம். அதற்கு யார் போகிறார்கள்? கேலி பண்ண உட்கார்ந்த இடம் போதும்.

பொங்கல் முடிந்து பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டு. அக்காவும் ஒரு காளை வளர்த்தார், அது வாடிவாசலுக்கு வந்தது. மைக்கில் ஒருத்தன் பேசிக்கொண்டே இருப்பான் இல்லையா, அவன் சொன்னான்: "அடுத்து வர்றது அலங்காநல்லூர் மணிக்கடை மாடு. டம்ளர் கடை மாடுப்பா. புடிக்கிறவனுக்கு ஒரு டஜன் டம்ளரு, புடிக்காதவனுக்குக் காப்பி." கூட்டம் மொத்தமும் சிரித்தது. காளை யார் கையிலும் சிக்காமல் நின்று விளையாடிவிட்டுப் போனது. அதை யாரும் பேசவில்லை. மறுநாள் அந்த வீடியோ எங்கள் ஆபீசுக்கும் வந்தது. அண்ணன் அதை இரட்டை வேகத்தில் பார்த்தார். "வைரல் மாப்ள. அக்காவுக்கு ஓசில விளம்பரம்" என்று சொல்லிவிட்டு, இன்னும் நாலு பேருக்கு அனுப்பினார். காசி எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்கு அடுத்த வாரம் அக்கா ஆபீசுக்கு வந்தார். மஞ்சப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது, நாங்கள் எல்லாரும் வேலை செய்கிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி, காசு பணத்துக்கு நான் வரல. எங்க அப்பா…"

"ரீஃபண்டுதானேக்கா? குடுத்துர்றேன். அம்புட்டுதானே?"

"அது இல்லப்பா. கட வாசல்ல நின்னு சின்னப் பய கேலி பண்றான். தப்பு உங்க மேலதான், என் மணி மேல இல்லேன்னு நீங்க ஒரு வார்த்த…"

"சாரிக்கா. சாரி. சொல்லிட்டேன்ல? போதுமா?"

அக்கா மடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு மணியை எடுத்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, உள்ளங்கை அகலம், விளிம்பில் ஒரு வரி. அண்ணனுடைய மேஜைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு தட்டு தட்டினார். டங்கென்று விழுந்து, அதன் பின்னால் அந்த ம்ம்ம் எழுந்தது. டைல்ஸ் கடை மாடி முழுக்க அது நின்றது. பக்கத்து மேஜைப் பையன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

அண்ணன் கையை நீட்டி, மணியைப் பொத்திப் பிடித்து நிறுத்தினார். "சரிக்கா, கேட்டுச்சு" என்றார்.

அக்கா அவர் கையை விலக்கி மணியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே திரும்பி, "காசித் தம்பி, நீதானப்பா பதிஞ்ச. நீ சொல்லு இவருக்கு" என்றார்.

காசி எழுந்து கதவருகே வந்து நின்றான்.

"ஆமா, நீ ஏன் மாப்ள அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?" என்றார் அண்ணன். சத்தியமாக அப்படித்தான் கேட்டார். "சொல்ல வேண்டியதச் சொல்லாத ஆள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

காசி கண்ணை மூடினான். "அண்ணே, நான்… நான் வே… வே…"

"வேலைய விட்டுப் போறியா? சரி மாப்ள, ஒன் இஷ்டம். நான் தடுக்க மாட்டேன்."

அவன் சொல்ல வந்தது 'வேண்டாம் என்றுதான் சொன்னேன்' என்பது. பஜ்ஜி தின்ற மாதிரியே இதையும் ஏற்றுக்கொண்டான். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான், அப்பாவைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷனை. மேஜைக்குப் போய்ப் பையை எடுத்தான். நான் எழுந்து, "அண்ணே, அவன் அதச் சொல்ல வரல" என்றேன். கணக்குப் பார்த்தால், அவரிடம் நான் முழுசாகச் சொல்லி முடித்த ஒரே வாக்கியம் அதுதான். அதற்குள் அவர் பின்னால் திரும்பி யாரிடமோ போனில் பேச ஆரம்பித்திருந்தார்.

அக்கா எழுந்து நின்று, "என் பேர அதுலருந்து எடுத்துருங்க" என்றார். சின்ன வாக்கியம், தப்பித்துவிட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டி, அக்கா படி இறங்குவதற்குள் எடுத்துவிட்டார். பேரைத்தான் எடுத்தார். கடையை எடுக்கவில்லை. அதன் நெற்றியில் 'எங்கள் மாதிரிக் கடை' என்று போட்டுக்கொண்டார். கீழே படிக்கட்டில் காசியின் பையை அக்கா வாங்கிக்கொண்டு நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அடுத்து வந்த ஆட்களுக்கெல்லாம் அவர் அதைத்தான் திறந்து காட்டினார். விருதுநகரிலிருந்து வந்த ஒரு நகைக்கடைக்காரர் மணியைத் தொட்டுவிட்டு, "என்னங்க, பொசுக்குன்னு நின்னுருச்சு? மீதி?" என்று கேட்டார். "மீதி என்னண்ணே மீதி, அம்புட்டுதான்" என்றார். நகைக்கடைக்காரர் சிரித்துவிட்டுத் தன் கடையையும் அவரிடமே கொடுத்தார்.

ஆறு மாசம் கழித்து எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அவரிடம் கடைசியாகக் கேட்க வேண்டியதையெல்லாம் தெப்பக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல வசவு. கதவைத் திறந்ததுமே, "கெளம்புறியா தங்கச்சி? நல்லாரு" என்று எழுந்து கை கொடுத்துவிட்டார். தொண்டைக்குள் அத்தனையும் நின்றது. படுபாவி.

போன மாசம் அலங்காநல்லூர் பஸ்ஸில் ஏறினேன், ஒரு சாவுக்கு. முன் சீட்டில் மணிக்கடை அக்கா. என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மணி விற்பதை அந்த வருஷமே விட்டாயிற்றாம். யாரும் கேட்டு வருவதில்லை. இப்போது பிளாஸ்டிக் குடமும் கயிறும் விற்கிறார். காளையையும் கொடுத்துவிட்டார். காசி கோயம்புத்தூரில் இருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் போடுவானாம். "நல்லா பேசும் அந்தத் தம்பி. நான் ம் கொட்டிக்கிட்டே இருப்பேன், அது பாட்டுக்குப் பேசும்" என்றார். அண்ணனைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்காவின் கடைக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. பஸ் அங்கே வேகம் குறைந்தது. கண்டக்டர் புதுப் பையன், இருபத்தைந்து வயசுகூட இருக்காது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் பார்த்துக் கத்தினான்.

"டம்ளர் கடை எறங்கு. டம்ளர் கடையெல்லாம் முன்னால வா."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாரேன்த்தா" என்று என் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துப் படிக்கு நகர்ந்தார். முழங்கால் வலி போலிருக்கிறது, ஒவ்வொரு காலாக வைத்தார்.

"சுருக்கா எறங்குங்கக்கா" என்றான் பையன். அக்காவின் இரண்டாவது கால் தரையில் படுவதற்குள் விசில் அடித்துவிட்டான்.